குடகு நாட்டில் ரவை எண்ணினோம்

காவேரி பிறந்த வீட்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, அவள் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இருப்பது இயற்கை. நாமும் நமது சித்திரக்காரரும் அந்த ஆசையுடன்தான் ஓர் ஆவணி மாதத்தில் குடகுக்குப் புறப்பட்டோம். தலைக்காவேரியில் ஸ்நானம், பாகமண்டலத்தில் தரிசனம், இரண்டு மூன்று மலைக் காட்சிகளைச் சித்திரக்காரர் எழுதிக் கொள்வது, பிறகு ஊர் திரும்புவது. இதுதான் நம்முடைய திட்டம். போன இடத்தில் நாம் செய்தது என்னவென்றால், ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் சப்பணமிட்டு உட்கார்ந்து, காகிதத்தில் விழுந்த பொத்தல்களை எண்ணினோம்! இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் எண்ணினோம். அதற்காக நாம் வருத்தப்படவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

குடகில் இன்றைக்கும் ரயில் கிடையாது. மைசூரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறி, ஹுன்சூர் வழியாகப் போக வேண்டும். ஹுன்சூர் தாண்டியதும் சமவெளி மெல்ல விடைபெற்றுக் கொள்கிறது. தித்திமத்தி அருகே சாலையின் இரு புறமும் காடு நெருங்கி வருகிறது. கோணிகொப்பல் போய்ச் சேரும்போது நம்மைச் சுற்றி இருப்பது காடா, தோட்டமா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. மேலே வெள்ளோக்கு மரம். அதன் மேல் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடி. கீழே பச்சைக் காய் பிடித்த காப்பிச் செடி. எல்லாவற்றின் மேலும் ஓயாத தூற்றல். சித்திரக்காரர் சாயப் பெட்டியை ஒரு முறை திறந்தார், மழையைப் பார்த்தார், மூடிவிட்டார்.

நம்மை அழைத்திருந்த நண்பர் அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர். கொடவ வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் எண்பது வயதைக் கடந்தும் நிமிர்ந்து நடக்கிற பெரியவர். நண்பரின் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிறுமி, கணக்கில் கெட்டிக்காரி. இவர்கள் வசிக்கும் இடம், வம்சத்தார் எல்லோருக்கும் பொதுவான மூலவீடு. ஐன்மனை என்று அதைச் சொல்கிறார்கள். கல்படி ஏறிப் போனால் முன்கூடத்தில் செதுக்கிய மரத் தூண்கள். சுவரில் முன்னோர்களின் படங்கள். அவற்றுக்கு நடுவே, மற்ற வீடுகளில் சுவாமி படம் மாட்டும் இடத்தில், ஒரு துப்பாக்கி!

தோக்கும் பூவும்

நேயர்கள் திடுக்கிட வேண்டாம். குடகில் துப்பாக்கி வீட்டுப் பொருள்களில் ஒன்று. கொடவ மொழியில் அதற்குத் தோக்கு என்று பெயர். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. வீட்டில் யாராவது இறந்தால் இரண்டு வெடி. அந்தச் சத்தத்தை எண்ணியே மலைக்கு அப்பாலுள்ள உறவினர் சந்தோஷமா துக்கமா என்று தெரிந்து கொள்வார்களாம். புத்தரி என்னும் அறுவடைப் பண்டிகையில் முதற் கதிரை அறுக்கும்போதும் வெடி முழங்கும்.

வெள்ளைக்காரர்கள் 1834-ல் குடகைப் பிடித்துக் கொண்டார்கள். 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகு தேசமெங்கும் ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-ல் லிட்டன் பிரபுவின் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. அதன்படி வெள்ளைக்காரன் அநுமதியில்லாமல் துப்பாக்கி வைத்துக் கொள்ளலாம். இந்தியன் மட்டும் லைசென்ஸ் கேட்டு வாசலில் நிற்க வேண்டும். ஒரு ஜாதியாரை முழுவதும் நிராயுதபாணிகளாக்கிய அந்தச் சட்டத்தைக் காந்தியடிகளே மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் குடகர்களுக்கு மட்டும் 1861-லேயே விலக்கு அளித்திருந்தார்கள். ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் கொடவ வகுப்பாருக்கும் அந்தச் சலுகை சுதந்திரத்துக்குப் பிறகும், 1959-ஆம் வருஷத்துப் புதிய ஆயுதச் சட்டத்தின் கீழும் நீடித்தது. 2019-ல் மத்திய அரசாங்கம் அதை மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டியது. இது நியாயமா என்று கேட்டுத் தொடரப்பட்ட வழக்கில், 2021-ல் கர்நாடக ஹைகோர்ட் சலுகை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் வேட்டை என்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்து போன கதை. அப்படியானால் துப்பாக்கிக்கு இப்போது என்ன வேலை? வருஷத்தில் ஒரு நாள் பூஜை. நாற்று நட்டு முடிந்தபின், செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதியை ஒட்டி வரும் ‘கைல்போது’ என்னும் பண்டிகைதான் அது. நம் ஊர் ஆயுத பூஜைக்குச் சகோதரி என்று சொல்லலாம். கத்தியையும் துப்பாக்கியையும் துடைத்து, சந்தனமிட்டு, விளக்கேற்றி வைத்துக் கும்பிடுகிறார்கள். துப்பாக்கியின் குழல் வாயில் ஒரு பூவைச் செருகுகிறார்கள். அதன் பெயரே ‘தோக்குப் பூ’. அந்தப் பூவைக் கொண்டுவந்து காட்டியதும் சித்திரக்காரர் “அடடே!” என்றார். அது வேறொன்றுமில்லை, நம்முடைய செங்காந்தள்! சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூ, குடகில் துப்பாக்கிக்கு ஆபரணமாகியிருக்கிறது.

பூஜை முடிந்ததும் ஆண்களும் பெண்களும் மைதானத்தில் கூடுவார்கள். உயர்ந்த மரத்தில் ஒரு தேங்காயைக் கட்டி அதைச் சுட்டு வீழ்த்துவது அன்றைய முக்கிய வேடிக்கை. நாம் போன சமயம் பண்டிகைக்கு ஒரு வாரந்தான் இருந்தது.

பெரியவரின் பந்தயம்

முதல் நாள் இராச் சாப்பாட்டின்போது பேச்சு தேங்காய் சுடுவதைப் பற்றித் திரும்பிற்று. கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையை நாம் ஐந்தாவது முறையாகப் போட்டுக் கொண்டிருந்தோம்.

“எங்கள் வீட்டுத் தேங்காயை நாற்பது அடி வைப்பு தூரத்திலிருந்துதான் சுடுவது வழக்கம். என் பாட்டனார் அப்படிச் சுட்டார், என் தகப்பனார் சுட்டார், நானும் சுடுகிறேன். எல்.ஜி. தோட்டா போட்டால் எட்டு ரவையும் தேங்காயில்தான் போய் உட்காரும்” என்றார் பெரியவர்.

“எட்டுமா, தாத்தா?” என்று கேட்டாள் பேத்தி.

“எட்டுந்தான்.”

“எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். “தேங்காய் உடைந்த பிறகு எதை எண்ணுவது? சரி, நாளைக்குக் காகிதத்தில் சுடுவோம், நீயே எண்ணு. எட்டு இல்லையென்றால் இந்த வருஷம் தேங்காயை எங்கே வைப்பது, எப்படிச் சுடுவது என்று நீ சொன்னபடி கேட்கிறேன்” என்றார்.

இப்படித்தான் நாமும் ரவை எண்ணுகிறவர்களானோம்.

ரவை என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உப்புமா ஞாபகம் வரும். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட உறவுதான். சிதறு துப்பாக்கித் தோட்டாவின் அடியில் மருந்து. அதன் மேல் தக்கை. தக்கைக்கு மேல் ஈய ரவை. ரவைக்கு எண் உண்டு. எண் பெரிதானால் ரவை சிறிது. ஆங்கிலேய அளவில் ஆறாம் எண் ரவை ஓர் அவுன்ஸுக்கு 270 இருக்கும். எல்.ஜி. என்பதோ பருத்த மொச்சைக் கொட்டைபோல அவுன்ஸுக்கு ஆறுதான். துப்பாக்கியின் குழலுக்கும் கணக்கு உண்டு. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு வாயுள்ள குழலுக்குப் ‘பன்னிரண்டு போர்’ என்று பெயர். அது சுமார் முக்கால் அங்குலம்.

குழல் வாயைச் சிறிதளவு நெருக்கிவிட்டால் ரவை அதிகம் சிதறாமல் கூட்டமாகப் போகும். இதைச் ‘சோக்’ என்கிறார்கள். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துப் பேப் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1866-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாம் நகரத்துக் கிரீனர் இதை மேலும் திருத்தினார். நெருக்கிய குழல் மேலா, நேர்க் குழல் மேலா என்று பெரிய சண்டை மூண்டது. ஆளாளுக்குத் தத்தம் துப்பாக்கியைப் பற்றிப் பெருமையடித்துக் கொண்டார்கள். கடைசியில் 1875-ல் லண்டனில் ‘தி ஃபீல்டு’ என்ற வாரப் பத்திரிகை ஒரு சோதனை வைத்தது. காகிதத்தில் சுட்டு, ரவையை எண்ணி, கிரீனருடைய குழல்களே ஜயித்தன என்று பிரசுரித்தது. ஆகையால் ஒரு வாரப் பத்திரிகைக்காரர் ரவை எண்ணுவது நூற்றைம்பது வருஷத்துச் சம்பிரதாயம் என்று நாம் மனத்தைத் தேற்றிக் கொண்டோம்.

சோதனையின் முறை மிகவும் எளிது. நாற்பது கஜத்தில் ஒரு பெரிய காகிதத்தை நிறுத்திச் சுட வேண்டும். பிறகு, பொத்தல்கள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ அந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம் வரைய வேண்டும். வட்டத்துக்குள் விழுந்தது தோட்டாவிலிருந்த மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். நெருக்கமே இல்லாத நேர்க் குழலுக்கு நூற்றுக்கு 40. பாதி நெருக்கத்துக்கு 60. முழு நெருக்கத்துக்கு 70 என்பது பொதுவான கணக்கு. ஒரு தடவை சுட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்கள் ஒரே மாதிரி விழுவதில்லை. குறைந்தது ஐந்து சுட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

காகிதத்தின் முன்

மறு நாள் காலையில் தூற்றல் நின்றது. தோட்டத்து மேஸ்திரி பழுப்புக் காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டி, ஐந்தடிச் சதுரமாக்கி, மூங்கிற் சட்டத்தில் கட்டி வைத்திருந்தார். அவர் தமிழர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே சேலம் ஜில்லாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். நம்மைக் கண்டதும், “ஊர்ப் பக்கம் மழை உண்டுங்களா?” என்று விசாரித்தார். மழைக்கு நடுவில் நின்று கொண்டு அவர் அப்படிக் கேட்டது நம் மனத்தைத் தொட்டது.

தோட்டத்தின் ஒரு கோடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு இருந்தது. அதற்கு முன்னால் சட்டத்தை நட்டார்கள். பெரியவர் அங்கிருந்து நாற்பது அடி வைத்து நடந்து, “இங்கேதான்” என்று கோல் ஊன்றினார். நண்பர் நாடாவைப் பிடித்து அளந்தார். முப்பத்து மூன்று கஜம்! “உங்கள் கால் வயதாகிவிட்டது, அப்பா” என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஏழு கஜம் பின்னுக்குப் போனார்.

துப்பாக்கி இங்கிலீஷ் வேலைப்பாடு, இரட்டைக் குழல். வலப்புறக் குழல் அதிகம் நெருக்கம் இல்லாதது. இடப்புறக் குழல் நெருக்கியது. நண்பர் முதலில் குழலைக் கழற்றி அடிப்புறத்திலுள்ள சோதனை முத்திரையை நமக்குக் காட்டினார். எந்த நீளத் தோட்டாவைப் போடலாம் என்பது அதிலிருந்து தெரியும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு மட்டுமே இடமுண்டு. இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை அதில் திணித்துச் சுட்டால் குழல் வெடித்துக் கையைக் கொண்டு போகும். இந்தத் துப்பாக்கிக்கு இரண்டே முக்கால் பொருந்தும் என்று நிச்சயமான பிறகே பெட்டியைத் திறந்தார். காதில் பஞ்சு அடைத்துக் கொண்டோம். எல்லோரும் சுடுகிறவருக்குப் பின்னால் நின்றோம்.

முதலில் ஓர் அவுன்ஸ் ஆறாம் எண் தோட்டா. இடப்புறக் குழல். ஒன்று சுட்டதும் காகிதத்தை மாற்றி, அடுத்தது, இப்படி ஐந்து. சிறுமி ஒவ்வொரு பொத்தலின் மேலும் பென்சிலால் ஒரு கோடு கிழித்து எண்ணினாள். எண்ணியதை இரண்டாம் தடவை எண்ணாமல் இருப்பதற்கு அதுதான் வழி. வட்டத்துக்குள் 171, 186, 178, 169, 186. சராசரி 178. தோட்டாவில் இருந்தது 270. ஆகவே நூற்றுக்கு 66. வலப்புறக் குழலின் சராசரி 135, சரியாகப் பாதி.

அடுத்தது ஒன்றேகால் அவுன்ஸ். அதே ஆறாம் எண். தோட்டாவில் 337 ரவை. தோளில் இடியும் அதிகம், சத்தமும் அதிகம். “பாருங்கள், இப்போது காகிதமே சல்லடையாகும்” என்றார் சித்திரக்காரர். வட்டத்துக்குள் விழுந்தவை 214, 183, 205, 191, 202. சராசரி 199. நூற்றுக்கு 59!

சிறுமி கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கூடுதலாகப் போட்டது 67 ரவை. வட்டத்துக்குள் கூடுதலாக வந்தது 21. பாக்கி 46 எங்கே? எல்லாம் வட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்.

இதன் காரணத்தை நண்பர் விளக்கினார். ஈயம் மெதுவான உலோகம். மருந்து வெடிக்கும்போது அடியிலுள்ள ரவைகள் மேலுள்ளவற்றின் பாரத்தால் நசுங்குகின்றன. குழலின் சுவரில் உராய்கிறவை ஒரு பக்கம் தேய்ந்து போகின்றன. உருண்டையாக இருக்கும் ரவை நேரே போகும். நசுங்கிய ரவை காற்றில் பிசகி எங்கேயோ போகும். பாரத்தை அதிகமாக்கினால் நசுங்குவதும் அதிகமாகிறது. இதற்காகத்தான் ஈயத்தோடு ஆண்டிமனி கலந்து கெட்டிப்படுத்துகிறார்கள். ரவைக்கு வெளியே பிளாஸ்டிக் கிண்ணம் வைப்பதும் இதற்காகவே. உருண்டை வடிவத்துக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்றால், பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782-ல் இதற்கென்றே ஒரு காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விழ விடுவதே அவர் முறை. விழும் வழியிலேயே துளி உருண்டையாகிவிடும். கீழே தொட்டித் தண்ணீரில் குளிர்ந்துவிடும்.

இவ்வளவும் கேட்டுக் கொண்டிருந்த பெரியவர், “ஆறாம் எண் குருவிக்கு. நம் விஷயம் எல்.ஜி.; அதைச் சுடு” என்றார்.

எட்டு எங்கே?

முதலில் ஓர் எல்.ஜி. தோட்டாவைக் கத்தியால் அறுத்து எண்ணினோம். எட்டு ரவை. பிறகு பெரியவரே துப்பாக்கியை வாங்கிக் கொண்டார். காகிதத்தின் நடுவில் சித்திரக்காரர் மட்டைத் தேங்காயளவு ஓர் உருவம் எழுதினார். விட்டம் எட்டு அங்குலம். வெகு அழகான தேங்காய்.

பெரியவரின் கை நடுங்கவில்லை. ஐந்து தடவை சுட்டார். ஐந்து காகிதங்களையும் திண்ணையில் வரிசையாக விரித்தோம். வட்டத்துக்குள் 5, 3, 6, 2, 4. ஆக நாற்பதில் இருபது. தேங்காயில் பட்டது ஐந்து காகிதத்திலும் சேர்த்து இரண்டே இரண்டு ரவை. மூன்று காகிதங்களில் சித்திரக்காரரின் தேங்காய்க்கு ஒரு கீறலும் இல்லை.

“வட்டத்துக்கு வெளியே, ஆனால் காகிதத்துக்குள்ளே பதினேழு” என்று சிறுமி எண்ணினாள். “இருபதும் பதினேழும் முப்பத்தேழு. தாத்தா, மூன்று ரவை காகிதத்திலேயே இல்லை.”

“மண்மேட்டில் போயிருக்கும்.”

“இன்றைக்கு மண்மேடு இருக்கிறது. பண்டிகையன்றைக்குத் தேங்காய் மரத்து உச்சியில் அல்லவா இருக்கும்? அப்போது எங்கே போகும்?”

கேள்வி குழந்தையினுடையதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல அங்கே பெரியவர்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

நண்பர் உள்ளே சென்று ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பிரெஞ்சுச் சேனாதிபதி ஜூர்னே கண்ட ஒரு சூத்திரம் அதில் இருந்தது. ரவையின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லி 2,200 ஆல் பெருக்கினால், அது அதிகபட்சம் எத்தனை கஜம் போகும் என்று தெரியுமாம். ஆறாம் எண் ரவை பத்தில் ஓர் அங்குலம். ஆகவே 220 கஜம். அதாவது ஒரு பர்லாங். எல்.ஜி. ரவை .36 அங்குலம், பெருக்கினால் 792 கஜம். மூன்றரை பர்லாங்குக்கும் மேல்! மேல்நோக்கிச் சாய்த்துச் சுடும்போதுதான் இவ்வளவு தூரம் போகும். மரத்து உச்சியைப் பார்த்துச் சுடுவது அப்படிச் சாய்த்துச் சுடுவதேயாகும்.

இந்த நேரத்தில், காகிதங்களைச் சுருட்டிக் கொண்டிருந்த மேஸ்திரி மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

“ஒன்று சொல்லலாங்களா, ஐயா?”

“சொல்லு” என்றார் பெரியவர்.

“வருஷா வருஷம் பண்டிகையன்றைக்கு நம்ம லயத்துக் கூரைத் தகரத்திலே ‘டங்’ என்று சத்தம் கேட்குமுங்க. சில வருஷம் இரண்டு தடவை. குரங்கு கல்லைப் போடுது என்று பெண்டுகள் சொல்லும். நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வருஷம் கூரை மாற்றும்போது, தகரம் மடிகிற பள்ளத்திலே இது கிடந்ததுங்க.”

இடுப்பு மடியிலிருந்து சிறிய சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்த ஒரு சாம்பல் நிற உருண்டையைக் கையில் வைத்தார். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. சிறுமி, அறுத்த தோட்டாவிலிருந்து ஒரு ரவையை எடுத்து அதன் அருகில் வைத்தாள். இரண்டும் ஒரே பருமன்.

மரத்துக்கும் லயத்துக்கும் இடையே இரண்டு பர்லாங் இருக்கும். நடுவில் காப்பிச் செடி. இங்கிருந்து பார்த்தால் லயம் கண்ணுக்குத் தெரியாது. பண்டிகை நாள் லீவானதால் அங்கே எல்லோரும் வாசலில் இருப்பார்கள். அவ்வளவு தூரம் போய் விழும் ரவை உயிரைக் குடிக்காமல் போகலாம். ஆனால் அண்ணாந்து பார்க்கிற ஒரு குழந்தையின் கண்ணுக்கு அது போதும்.

“இதை ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை?” என்று பெரியவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

“பண்டிகைக் காரியமுங்க. பெரிய வீட்டுக் காரியம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுட்டேன்” என்றார் மேஸ்திரி.

பெரியவர் அந்த நசுங்கிய ரவையை வாங்கி, வெகு நேரம் உள்ளங்கையில் உருட்டிக் கொண்டிருந்தார். வெளியே மறுபடியும் தூற்றல் ஆரம்பித்தது. நாமும் பேசவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் எல்லோரும் தேங்காயைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். தேங்காயில் படாத ரவையைப் பற்றி நினைத்தவர் ஒருவரும் இல்லை. தேங்காய் உடைந்தால் கைதட்டல், உடையாவிட்டால் சிரிப்பு. அதோடு அந்தக் காரியம் முடிந்துவிட்டது. தகரத்தில் கேட்ட ‘டங்’ சத்தம் ஐன்மனைக்கு எட்டவேயில்லை.

“குழந்தே, பந்தயத்தில் நீ ஜயித்தாய். தேங்காயை எங்கே வைக்கலாம்? சொல்லு” என்றார் பெரியவர்.

சிறுமி யோசித்தாள். “இருபது கஜத்தில் சுட்டுப் பார்க்கலாம், தாத்தா. மண்மேட்டின் முன்னால்.”

அன்று மாலையே சுட்டுப் பார்த்தோம். இருபது கஜத்தில் ஐந்து எல்.ஜி. தோட்டா. நாற்பது ரவையில் முப்பத்தொன்பது வட்டத்துக்குள். காகிதத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. ஐந்தில் நான்கு தடவை தேங்காய் அடிபட்டது. எல்லா ரவையும் பின்னாலிருந்த ஈர மண்ணில் புதைந்து கிடந்தது.

பண்டிகை

செப்டம்பர் 3-ஆம் தேதி காலையில் ஐன்மனை நடுக்கூடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. துப்பாக்கியைத் துடைத்துச் சந்தனமிட்டுச் சார்த்தியிருந்தார்கள். இரண்டு குழல் வாயிலும் செங்காந்தள். ஆண்கள் கறுப்பு நிறக் குப்பியசேலை அணிந்து, சிவப்புப் பட்டைக் கச்சையில் வெள்ளிப் பிடிக் கத்தியைச் செருகியிருந்தார்கள். ஊர் உறவெல்லாம் கூடியிருந்தது.

மைதானத்துக்கு வந்தவர்கள் வழக்கமான மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே தேங்காய் இல்லை. மண்மேட்டின் அடியில், ஒரு முக்காலியின் மேல் இருந்தது. “இவ்வளவு கிட்டத்திலா? சின்னப் பிள்ளைகளும் சுட்டுவிடுவார்களே!” என்று ஒருவர் கேலி செய்தார். இன்னொருவர், “வயதாகிவிட்டதல்லவா?” என்று மெல்லச் சொன்னது நம் காதில் விழுந்தது. பெரியவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அவர் பதில் சொல்லவில்லை. எண்ணிய காகிதங்களில் ஒன்றைப் பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி கம்பத்தில் கட்டச் சொன்னார். சிறுமி பென்சிலால் கோடு கிழித்த பொத்தல்களும் நடுவில் அடிபடாத தேங்காயும் நன்றாகத் தெரிந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த நசுங்கிய ரவையை எடுத்து அருகிலிருந்தவரிடம் கொடுத்தார். “இது லயத்துக் கூரையில் கிடந்தது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்” என்றார். ரவை கைக்குக் கை மாறிச் சென்றது. கேலி செய்தவரிடம் வந்ததும் அவர் சற்று நேரம் அதை வைத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்து கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

அந்த வருஷம் லயத்துக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். சுடுகிறவருக்குப் பின்னால், கட்டிய கயிற்றுக்கு இப்பால், மேஸ்திரியின் பேரக் குழந்தைகள் சிறுமியோடு உட்கார்ந்திருந்தன. பெரியவர் பூவை எடுத்து வைத்துவிட்டு, குழலைத் திறந்து உள்ளே பார்த்தார், தோட்டா போட்டார், சுட்டார். முதல் வெடிக்கு மண் தெறித்தது, தேங்காய் அசையவில்லை. இரண்டாவது வெடிக்குத் தேங்காய் இரண்டாகப் பிளந்து இளநீர் சிந்தியது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். பெரியவர் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தார்.

“இன்றைக்கு லயத்தில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று யாரையாவது போய் விசாரித்து வரச் சொல்லு” என்றார்.

போன பையன் அரை மணியில் ஓடி வந்தான். வயதான ஒரு பாட்டி மட்டும் லயத்தில் இருந்தாளாம். வெடிச் சத்தம் கேட்டதாம். தகரத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அதன் பிறகுதான் பெரியவர் சாப்பிட உட்கார்ந்தார். நாம் மறு நாள் தலைக்காவேரிக்குப் புறப்பட்டோம்.